பொறுத்தலும் படுத்தலும்

நெடுநாள் சிகிச்சைக்கு ஆட்பட்ட ஒருவருக்கு நம் வீடுகளில் கிடைக்கும் ஆலோசனைகளை எல்லாம் வடிகட்டிப் பார்த்தால் அடியில் தங்குவன இரண்டே: வலிக்கிறது என்றால் பொறுத்துக்கொள் என்பது ஒன்று, அசதியாயிருக்கிறது என்றால் படுத்துக்கொள் என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவை. பாட்டியின் வாயிலிருந்தும் வரும், சில சமயம் வைத்தியரின் வாயிலிருந்தும் வரும். கேட்பவரும் நியாயமென்றே அவற்றை ஏற்றுக்கொள்வார். ஆயினும் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளின் வைத்திய சரித்திரத்தை நிதானமாகப் புரட்டிப் பார்க்கிறவருக்கு ஒரு விசித்திரம் புலப்படும். எந்த உபாதையைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்களோ அதற்குக் கைமேல் பரிகாரம் இருந்தது. எந்த உபாதைக்குப் படுக்கையை விரித்தார்களோ அது பெரும்பாலும் படுக்கையிலேயே கொழுத்து வளர்ந்தது. இந்த இரட்டைப் பிசகு எவ்வாறு நேர்ந்தது, யார் யார் அதைக் கண்டு சொன்னார்கள், இன்று சிகிச்சையின் நடுவே இருப்பவருக்கு அந்த அறிவினால் என்ன பிரயோஜனம் என்பவற்றை இங்கே விசாரிக்கலாம்.

வியாதி தரும் துன்பம் ஒன்று; வியாதியைத் தீர்க்க வந்த மருந்து தரும் துன்பம் வேறொன்று. முன்னாட்களில் கடும் வியாதிகள் பெரும்பாலும் சில வாரங்களில் தீர்ந்தன, அல்லது ஆளைத் தீர்த்தன. இக்காலத்துச் சிகிச்சையோ மாதக்கணக்கில் நீளுவது. மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு அல்லது எட்டுச் சுற்றுக் கீமோ. நம் ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு, வாரத்தில் 5 நாளாக ஆறேழு வாரம். சிறுநீரகம் ஓய்ந்தவருக்கு வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். காசநோய்க்கு 6 மாதம் தவறாமல் மாத்திரை. இவற்றுள் புற்றுநோய்ச் சிகிச்சையையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். வலியும் அசதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதும், அவற்றைப் பற்றிய ஆராய்ச்சி மிகுதியாக நடந்திருப்பதும் அங்கேதான்.

மயக்க மருந்து தோன்றுவதற்கு முன் நோயாளிக்குப் பொறுமையைத் தவிர வேறு துணை இருந்ததில்லை. ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி 1811ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், நெப்போலியனின் படை வைத்தியரான லாரேயின் கத்திக்குத் தம் மார்பை ஒப்புக்கொடுத்தபோது, அவருக்குக் கொடுக்கப்பட்டது சிறிது மதுக் கலவை மாத்திரமே. அந்த அனுபவத்தைப் பல மாதம் கழித்துத் தம் தமக்கைக்கு நீண்ட கடிதமாக எழுதிய அவர், எழுதியதைத் திரும்பப் படிக்கும் துணிவு தமக்கு இல்லை என்பதையும் அதிலேயே குறித்துவைத்தார். அவ்வளவுக்கும் அவர் அதன்பின் 28 ஆண்டுகளுக்குமேல் உயிர்வாழ்ந்தார் என்பதை நினைக்கும்போது, வியாதியின் நினைவைவிடச் சிகிச்சையின் நினைவு நெடுநாள் நின்றிருக்கும் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. 1846 அக்டோபரில் பாஸ்டன் ஆஸ்பத்திரியில் ஈதர் ஆவியைக் கொண்டு நோயாளியை மயங்கச் செய்து அறுத்துக் காட்டியதோடு, கத்தியின் வலிக்கு ஒரு முடிவு பிறந்தது. அபினியின் சாரமாகிய மார்ஃபினை ஜெர்மானிய மருந்தாளர் சேர்ட்டுர்னர் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுத்திருந்தார். 1850களில் ஊசியும் வந்து சேர்ந்தது. ஆகவே சிப்பாய்க் கலகம் அடங்கிய காலத்திலேயே மருந்தும் கருவியும் மனிதன் கையில் இருந்தன. ஆயினும் நாள்பட்ட வலியில் கிடப்பவருக்கு அவை ஒழுங்காகப் போய்ச் சேர இன்னும் ஒரு நூற்றாண்டு சென்றது.

இந்தத் தாமதத்துக்குக் காரணங்கள் பல. வலி வியாதியின் அறிவிப்பு, அதை அடக்கினால் நிதானம் தப்பும் என்று வைத்தியர் எண்ணினார். மார்ஃபின் கொடுத்தால் நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற அச்சம் அரசாங்கத்துக்கும் வைத்தியருக்கும் ஒருங்கே இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, சகிப்பதில் ஒரு புண்ணியம் உண்டு என்ற எண்ணம் எல்லாச் சமயத்தாரிடமும் ஊறியிருந்தது. அவ்வெண்ணத்தைப் பெரும்பாலும் சகிக்க வேண்டிய அவசியமில்லாதவர்களே பரப்பினார்கள் என்பது என் அபிப்பிராயம். 1930களில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரீஷ், வலி இயற்கை அளித்த நன்மை என்னும் கொள்கையை வெளிப்படையாக மறுத்து, நீடித்த வலி எவருக்கும் எதையும் கற்பிப்பதில்லை, மனிதனைச் சிறுகச் சிறுகக் குறைக்கவே செய்கிறது என்று வாதித்தார். அவருக்குச் சிலர் செவிசாய்த்தனர், ஆஸ்பத்திரிகள் சாய்க்கவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் ஓர் எதிர்பாராத பாடத்தைக் கற்பித்தது. இத்தாலியப் போர்முனையில் பணிபுரிந்த அமெரிக்க மயக்கவியல் வைத்தியர் ஹென்றி பீச்சர், பெருங்காயம் பட்ட சிப்பாய்களுள் பெரும்பகுதியினர் கேட்டபோதும் மார்ஃபின் வேண்டாமென்று சொன்னதைக் கண்டார். அதே அளவு காயத்துக்கு ஊரில் இருப்பவர் துடித்துக் கதறுவார் என்பது அவர் அறிந்தது. சிப்பாய்க்குக் காயம் என்பது யுத்தத்திலிருந்து விடுதலை, உயிரோடு வீடு திரும்பும் அனுமதி. அர்த்தம் மாறும்போது வலியின் அளவும் மாறுகிறது என்று பீச்சர் 1946இல் எழுதினார். இதன் மறுபக்கம் புற்றுநோயாளிக்கு நன்றாகத் தெரியும்: பக்கத்து வீட்டுக்காரருக்கு முதுகில் ஒரு பிடிப்பு வந்தால் அது வெறும் பிடிப்பு, சிகிச்சையில் இருப்பவருக்கு அதே பிடிப்பு இராத்திரி இரண்டு மணிக்கு, வியாதி எலும்புக்குப் பரவிவிட்டதோ என்னும் கேள்வியாக எழுந்து உட்கார்ந்துவிடும். கேள்விக்கு விடை கிடைக்கும்வரை மாத்திரை பாதிதான் வேலை செய்யும்.

1965இல் ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் என்ற இருவர் இந்த அனுபவத்துக்குச் சரீர சாஸ்திர ரீதியில் ஒரு விளக்கம் தந்தனர். காயத்திலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தி முதுகுத்தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே போகிறது. கீழிருந்து வரும் ஸ்பரிசமும், மேலிருந்து இறங்கும் மூளையின் கட்டளையும் அந்த வாயிலைத் திறக்கவோ சார்த்தவோ வல்லவை. இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துவிட்டால் வலி ஏன் தணிகிறது என்பதற்கும், அச்சமும் உறக்கமின்மையும் வலியை ஏன் பெருக்குகின்றன என்பதற்கும் ஒரே இடத்தில் பதில் கிடைத்தது. அக்கொள்கையின் நுணுக்கங்கள் பிற்பாடு பலவாறு திருத்தப்பட்டன. அதன் நடு எண்ணம் நிலைத்தது.

ஆனால் படுக்கையருகே காரியம் செய்து காட்டியவர் ஸிஸிலி சாண்டர்ஸ். யுத்தகாலத்தில் லண்டனில் தாதியாக இருந்து, முதுகுக் கோளாறினால் அவ்வேலையை விட்டு, ஆஸ்பத்திரிச் சமூக ஊழியராகி, அதற்குப் பின்னும் நிம்மதி கொள்ளாமல் வைத்தியம் படித்து 1957இல், நாற்பதை நெருங்கும் பிராயத்தில் பட்டம் பெற்றவர் அவர். மரணத்தை நோக்கிய நோயாளிகளைப் பராமரித்த லண்டன் இல்லம் ஒன்றில், வலி வந்து கதறும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காக மார்ஃபினை வாய்வழியே கொடுக்கும் வழக்கத்தைத் தாதியர் கைக்கொண்டிருந்ததை முன்னமே கவனித்திருந்தார். 1958 முதல் மற்றோர் இல்லத்தில் அதையே முறையாகச் செய்து, நூற்றுக்கணக்கான நோயாளிகளின் குறிப்புகளைச் சேர்த்து, ஒழுங்காகக் கொடுத்தால் நோயாளி மயங்கிக் கிடப்பதுமில்லை, அளவு கட்டுக்கடங்காமல் ஏறுவதுமில்லை என்று நிறுவினார். 1967இல் தென்லண்டனில் அவர் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் இந்த மார்க்கத்தின் பள்ளிக்கூடமாயிற்று. சரீரம், மனம், குடும்பத்தின் பணக்கவலை, ஆன்மாவின் கலக்கம் இவை யாவும் சேர்ந்ததே வலி என்று அவர் வற்புறுத்தியதும் அக்காலத்திலேயே.

கடிகாரக் கணக்கின் தத்துவம் எளியது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நாலு மணி நேரம் நிற்கும். வலி திரும்பும்வரை காத்திருந்து கொடுத்தால், தீ கூரையைப் பற்றிய பிறகு குடத்தைத் தேடுவதாகும். மருந்தும் அதிகம் வேண்டியிருக்கும், நோயாளியின் மனமும் அடுத்த வலியை எதிர்பார்த்தே இருந்து இளைக்கும். வேண்டும்போது மட்டும் கொடுக்கும் பழைய முறையில் நோயாளி மருந்துக்கு ஏங்குவதைக் கண்டு, அடிமையாகிவிட்டார் என்று முடிவுகட்டியவர்கள், அந்த ஏக்கத்தைத் தாங்களே உண்டாக்கியதை உணரவில்லை. மார்ஃபினோடு கொக்கெயினையும் மதுவையும் தேன்பாகையும் கலந்து ‘ப்ராம்ப்டன் கலவை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் வழங்கிவந்த ஒரு மருந்தை 1970களில் ராபர்ட் ட்வைக்ராஸ் பரீட்சித்து, கொக்கெயினால் விசேஷ நன்மை எதுவுமில்லை, மார்ஃபினைத் தனியே தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாலே போதும் என்று காட்டியது இந்த எளிமைக்குப் பேருதவியாயிற்று. 1986இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு சிறு நூலை வெளியிட்டது: மருந்தை வாய்வழியே கொடு, கடிகாரப்படி கொடு, பாரசிட்டமால் வகையில் தொடங்கிக் கோடீன் வழியாக மார்ஃபினுக்குப் படிப்படியாக ஏறு என்பதே அதன் சாரம். 2018இல் வந்த புதிய வழிகாட்டுதலில் அந்தப் படிக்கட்டு பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஆளுக்கு ஆள் நிதானித்துக் கொடுப்பது முன்னுக்கு வந்தது; முப்பதாண்டு அனுபவம் கற்பித்த நியாயமான மாற்றம்.

நம் தேசத்துக் கதை இதைவிட விசித்திரமானது. உலகத்தின் மருந்துத் தேவைக்காகச் சட்டப்படி அபினி பயிரிடும் தேசம் இது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அனுமதி பெற்ற வயல்களில் கசகசாச் செடி பூக்கிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசாங்கத் தொழிற்சாலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. அப்படியிருந்தும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச்சட்டம், பத்தாண்டுச் சிறையைக் குறைந்தபட்சத் தண்டனையாக வைத்தும், மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும் பல உரிமச் சீட்டுகளை ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்க வேண்டுமென்று விதித்தும், ஆஸ்பத்திரிகளை அச்சுறுத்தவே, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மருத்துவத்துக்கான மார்ஃபினின் உபயோகம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் வீழ்ந்தது. வயலில் விளைந்தது கப்பலேறிப் போயிற்று. வார்டில் இருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சட்டம் போதைக்காரனைப் பிடித்ததோ இல்லையோ, நோயாளியைப் பிடித்துவிட்டது.

இதை எதிர்த்து நின்றது கேரளம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவர் சகாக்களும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், வைத்தியரை மட்டும் நம்பியிராமல், ஊர் ஊராக ஆசிரியர்களையும் கடைக்காரர்களையும் கல்லூரி மாணவர்களையும் தொண்டர்களாகப் பழக்கி, தாதியோடு வீடு தேடிச் செல்லும் முறையாக வளர்ந்தது. 2008இல் அம்மாநில அரசு அதையே தன் கொள்கையாக அறிவித்தது. 2014இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் முதலிய அத்தியாவசிய மருந்துகளுக்குத் தேசமுழுதும் ஒரே விதியை ஏற்படுத்தியதில் இவர்களுடைய இருபதாண்டு முயற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. அதே காலத்தில் உலகின் மறுகோடியில் நேர்ந்ததையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1990களின் நடுவிலிருந்து, மருந்துக் கம்பெனிகளின் பிரசாரத்தாலும் வைத்தியரின் அசட்டையாலும், பல்வலிக்கும் முதுகுவலிக்கும்கூட அபினி வகை மாத்திரைகள் தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டு, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 2017இல் லான்செட் மருத்துவ சஞ்சிகை கூட்டிய ஆராய்ச்சிக் குழு, உலகில் ஓராண்டு வினியோகமாகும் ஏறக்குறைய 300 டன் அபினி வகை மருந்தில் மிக வறிய தேசங்களைச் சேர்வது ஒரு டன்னில் பத்தில் ஒரு பங்கு மாத்திரமே என்று கணக்கிட்டது. அளவு மீறியதும் அளவு அற்றதும் ஒரே நிர்வாகக் குறையின் இரு முகங்களாதலால், அமெரிக்கத் துன்பத்தைக் காட்டி நம் நோயாளிக்கு மார்ஃபினை மறுப்பது நியாயமாகாது.

சிகிச்சையின்போது வரும் வலி எல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்ததன்று. நோயாளி சொல்லும் சொல்லிலேயே அதன் வகை பெரும்பாலும் வெளிப்படும். தாடையிலும் நாக்கிலும் புற்று வந்து கதிர்வீச்சு ஏற்பவர், மூன்றாவது வாரத்திலிருந்து எச்சில் விழுங்கவே முடியவில்லை என்பார், அது வாய்ப்புண். புகையிலைப் பழக்கத்தால் இந்த வியாதி மிகுந்த நம் தேசத்தில் இதுவே கதிர்வீச்சு வலிகளில் தலைமையானது, நோயாளியை அரைகுறையில் சிகிச்சையை நிறுத்தச் செய்வதும் இதுவே. உப்பும் சோடா உப்பும் கரைத்த நீரால் ஒரு நாளைக்குப் பலமுறை கொப்பளிப்பதும், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாகவே வலிமருந்து உட்கொள்வதும், காரமற்ற ஆறிய கஞ்சியும், வேண்டுமிடத்து மார்ஃபினும் இதைத் தாண்ட உதவுவன. ஃப்ளூரோயுராசில் என்னும் மருந்தை இரத்தக்குழாயில் வேகமாக ஏற்றும் அரைமணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டிருந்தால் வாய்ப்புண் குறையும் என்பது பரீட்சித்துத் தேறிய உபாயம். செலவில்லாததாலேயே பல இடங்களில் இது மறக்கப்படுகிறது. வெள்ளையணுவைக் கூட்டும் ஊசிக்குப் பிறகு இடுப்பெலும்பிலும் முதுகிலும் எழும் குடைச்சல் வேறு. அது இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று முன்னமே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பாதிப் பயம் தீரும்.

விரல் நுனிகளில் ஊசி குத்துவதும், பாதம் மதமதப்பதும், சட்டைப் பொத்தான் போட முடியாமற்போவதும் நரம்பைச் சேர்ந்தவை. வின்கிரிஸ்டின், பாக்ளிடாக்ஸெல் போன்ற மருந்துகளின் வேலை. இதற்குச் சாதாரண வலிமாத்திரை உதவாது. மனச்சோர்வுக்கு வழங்கும் டுலாக்ஸெடின் என்ற மருந்தே ஓரளவு நிரூபணம் பெற்றது. அதைவிட முக்கியம், உணர்ச்சியின்மை முற்றுவதற்கு முன் வைத்தியரிடம் சொல்லி மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ இடம் தருவது. சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி மறைப்பவர், சிகிச்சை முடிந்த பிறகும் கால் மரத்த நிலையில் செருப்பு நழுவுவதை அறியாமல் நடக்க நேரும்.

மருந்துகளைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கீமோவின் நடுவே காய்ச்சல் வந்தால் அது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய அபாயக் குறி. ஆகவே பாரசிட்டமாலை விழுங்குமுன் உஷ்ணமானியை வைத்துப் பார்ப்பது அவசியம், இல்லாவிட்டால் மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். இபுப்ரோஃபென் வகையைச் சிறுநீரகம் தளர்ந்தவரும் இரத்தத் தட்டணு குறைந்தவரும் தாமாகக் கடையில் வாங்கித் தின்னலாகாது. மார்ஃபினின் குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகிப்போகும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. ஆதலால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியைக் கூடச் சேர்த்துக் கொடுக்காத வைத்தியர் தம் நோயாளி மூன்றாம் நாளே மார்ஃபினைத் தூர எறிவதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள இடமில்லை.

இனி அசதி. வலியாவது ஊசியும் மாத்திரையும் பெற்றது. அசதிக்குக் கிடைத்தது கட்டில் ஒன்றுதான். இந்தக் கட்டில் வைத்தியத்தின் பிரசித்தமான ஆசிரியர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஸைலஸ் வெயர் மிட்செல். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் நரம்பு அறுந்த சிப்பாய்களின் எரிவலியை உலகுக்கு முதன்முதலாக நுட்பமாக வருணித்தவரும், வெட்டுண்ட கால் இல்லாத இடத்தில் வலிப்பதைப் பற்றி எழுதியவரும் இவரே. வலியை இவ்வளவு கூர்ந்து நோக்கியவர், அசதியுற்ற பெண்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் படுக்கையை விட்டு எழாமை, ஏராளமான பால், உடம்புப் பிடிப்பு, வாசிப்பும் எழுத்தும் விலக்கு என்று ஒரு பத்தியத்தை விதித்தார். 1870களில் தொடங்கிய அம்முறை ஒரு தலைமுறை முழுதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கொடிகட்டிப் பறந்தது. அவரிடம் சிகிச்சை பெற்ற சார்லட் பெர்கின்ஸ் கில்மன் அந்த ஓய்வினாலேயே தாம் பித்தின் விளிம்புவரை சென்றதை ஆதாரமாக வைத்து 1892இல் ஒரு சிறுகதை வெளியிட்டார். அது இன்றளவும் வாசிக்கப்படுகிறது.

காசநோய்ச் சானடோரியங்களிலும் ஓய்வே பிரதான மருந்தாயிருந்தது. ஆனால் 1905 முதல் இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பாட்டர்ஸன் என்ற வைத்தியர், நோயாளிகளை முதலில் சிறிது தூரம் நடக்கவும், பிறகு மண் கூடை சுமக்கவும், பிறகு மண்வெட்டி பிடிக்கவும் ஏவி, உஷ்ணமானியைப் பார்த்துப் படிப்படியாக உழைப்பைக் கூட்டினார். அவர் சொன்ன சாஸ்திர காரணம் பிழை. கவனித்த காரியம் சரி. நம் தாம்பரத்தில் 1928இல் சானடோரியம் நிறுவிய டாக்டர் சௌரி முத்துவும் இந்தக் காலத்தவரே.

முடிவான சாட்சியம் சென்னையிலிருந்து கிடைத்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் சேர்ந்து நடத்தியது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்துக்கு அனுப்பி நல்ல ஆகாரமும் தாதியும் முழு ஓய்வும் கொடுத்து, மற்றப் பிரிவைச் சென்னையின் ஏழைத் தெருக்களிலிருந்த தத்தம் வீட்டிலேயே விட்டு, இரு பிரிவுக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். குடிசையில் நெருக்கடியில் இருந்து, நடந்து, முடிந்த வேலையைச் செய்து, குறைவாக உண்டவர்களும், கட்டிலில் பராமரிக்கப்பட்டவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகவே குணமடைந்தனர். 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களை மூடச் செய்தது. மருந்து சரியாயிருந்தால் கட்டிலுக்குத் தனியே குணம் கிடையாது என்பதை ஒரு பெரிய வியாதியில் இவ்வளவு தெளிவாக வேறெவரும் காட்டியதில்லை.

கட்டிலினால் கெடுதியும் உண்டு என்பது 1966இல் டாலஸ் நகரில் தெரிந்தது. ஆரோக்கியமான இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கவைத்து அவர்கள் இதயத்தின் உழைப்புத் திறனை அளந்தனர். முப்பது ஆண்டுக்குப் பின் அதே ஐவரை மீண்டும் அழைத்து அளந்தபோது, முப்பதாண்டு மூப்பு செய்த நஷ்டத்தைவிட மூன்று வாரப் படுக்கை செய்த நஷ்டம் பெரிதாயிருந்தது. இருபது வயதுக்காரனுக்கே இந்தக் கதி என்றால், இரத்தம் குறைந்து, பசி போய், தசை கரையும் கீமோ நோயாளிக்கு என்ன ஆகுமென்று சொல்ல வேண்டியதில்லை. அசதியினால் படுக்கிறார், படுத்ததால் தசை தளர்கிறது, தளர்ந்த தசைக்கு மாடிப்படி மலையாகிறது, ஏறமுடியாமல் மறுபடி படுக்கிறார்.

சிகிச்சை அசதியின் லட்சணம், உறங்கி எழுந்தாலும் அது தீராமையே. அதற்கு ஒரு தாளமும் உண்டு: கீமோவில் மருந்து ஏறிய மூன்றாவது நான்காவது நாளில் உச்சமடைந்து, அடுத்த சுற்றுக்குள் ஓரளவு இறங்கும், கதிர்வீச்சில் வாரத்துக்கு வாரம் ஏறி, கடைசிச் சமயத்திலோ அதற்குச் சற்றுப் பிந்தியோ உச்சம் தொட்டு, பல வாரத்தில் மெல்ல விலகும், டயாலிசிஸ்காரருக்கு இயந்திரத்திலிருந்து இறங்கிய அன்று மாலை முழுதும் அதுவே. குமட்டலைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் முதல் இரண்டு நாள் பொய்யான உற்சாகத்தைத் தந்து, இரவுறக்கத்தைக் கெடுத்து, நின்றவுடன் ஆளைக் கவிழ்க்கும். அதைக் காலையில் உட்கொள்ளலாமா என்று வைத்தியரைக் கேட்பது பலன் தரும். இந்தத் தாளத்தை ஒரு நோட்டில் இரண்டு சுற்றுக்குக் குறித்துவைத்தால், மூன்றாவது சுற்றில் எந்த நாளில் உறவினர் வரவேண்டாம், எந்த நாளில் பாங்கு வேலையை முடிக்கலாம் என்பது தெரிந்துபோகும்.

அசதி என்றதும் தீரும் காரணங்களைத் தேடுவது முதல் கடமை. இரத்தசோகை, தைராய்டுக் குறைவு, சோடியம் இறங்கல், மறைந்த தொற்று, உறக்கமின்மை, மனச்சோர்வு, தீராத வலி, வலிமருந்தின் மயக்கம் இவற்றில் எதுவும் அதன் வேராக இருக்கலாம். இரத்தத்தைக் கூட்டும் எரித்ரோபொயட்டின் ஊசி சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உண்மையில் புதுவாழ்வு தந்தது. அதையே புற்றுநோயாளிக்குத் தாராளமாகப் போட்டபோது சிலருக்கு உயிராபத்து மிகுந்தது கண்டு 2007இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது.

இக்காரணங்களெல்லாம் நீங்கிய பின்னும் எஞ்சும் அசதிக்குப் பரிகாரம் நடை. 1980களில் ஒஹாயோவில் மேரில் வின்னிங்காம் என்ற தாதி-ஆராய்ச்சியாளர், கீமோவில் இருந்த மார்பகப் புற்றுநோயாளிகளை நிற்கும் சைக்கிளில் ஏற்றி மிதிக்கவைத்தபோது, அது கொடுமை என்றே பலருக்குத் தோன்றியிருக்கும். 2017இல் 113 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், உடற்பயிற்சியும் மனப்பயிற்சியும் அசதிக்கு எந்த மாத்திரையைவிடவும் மேலானவை என்று கண்டனர். வாரத்தில் மூன்று நாள், அரைமணி, பேச்சு தடைப்படாத வேகத்தில் நடந்தாலே போதும்; முடியாதவர் ஐந்து நிமிஷத்தில் தொடங்கலாம். நம் ஊரில் வெயில் ஏறுமுன் மொட்டைமாடியிலோ வாசலிலோ நடப்பது சுலபம். தடை வெயிலன்று, பார்த்துக்கொண்டிருக்கும் சொந்தக்காரர். பகலில் அரைமணிக்கு மேற்பட்ட தூக்கம் இரவைத் திருடும்.

நடையை எல்லோருக்கும் பொதுவிதியாக்குவது மற்றொரு மூடத்தனமாகும். காய்ச்சலுள்ள அன்றும், தட்டணு மிகக் குறைந்திருக்கும்போதும், எலும்பில் புற்றுப் பரவி முறியும் அபாயம் இருக்கும்போதும் வைத்தியர் உத்தரவின்றி உழைக்கலாகாது. சில தொற்றுகளுக்குப் பின் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் கடும் அயர்ச்சி நோயில், சிறிது உழைத்தாலும் மறுநாள் முழுதும் வீழ்ந்துபோவதே வியாதியின் அடையாளம். அவர்களுக்கும் படிப்படியான உழைப்பை விதித்துப் பலர் மேலும் நலிந்த பிறகு, 2021இல் பிரிட்டிஷ் வழிகாட்டு நிறுவனம் அந்த விதியை விலக்கிக்கொண்டது. ஆகவே உழைத்த மறுநாள் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்தே அளவைக் கூட்ட வேண்டும்.

வலியையும் அசதியையும் வெளியிலிருந்து அளக்கும் கருவி இன்னும் பிறக்கவில்லை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண்ணைச் சொல்லும்படி நோயாளியைக் கேட்பது ஒன்றே இப்போதுள்ள அளவுகோல். கேட்பதன் பயன் எவ்வளவு என்பதை நியூயார்க்கில் ஈதன் பாஷ் என்பவர் 766 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்தார். ஒரு சாரார் தம் வலி, அசதி, குமட்டல் முதலியவற்றைத் திரையில் தாங்களே ஒழுங்காகக் குறித்தனுப்ப, எண் ஏறியதும் தாதிக்குச் செய்தி போயிற்று. மறுசாரார் வழக்கம்போல் வைத்தியரைக் காணும்போது மட்டும் சொன்னார்கள். குறித்தனுப்பிய சாராரின் ஆயுள், நடுத்தரக் கணக்கில், ஏறக்குறைய ஐந்து மாதம் நீண்டது. 2017இல் இது வெளியானபோது, இதே பலனைத் தரும் புதிய மருந்தாயிருந்தால் அதன் விலை என்னவாயிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

நம் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிஷம். வைத்தியர் எப்படி இருக்கிறது என்று கேட்டதும், பரவாயில்லை டாக்டர், சாப்பாடுதான் இறங்கவில்லை என்று மகனோ கணவனோ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறார். பெண் நோயாளியானால், அநேகமாக எப்போதும். அவர்கள் பொய் சொல்லவில்லை, தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள். இராத்திரி இரண்டு மணிக்கு அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். முந்திய வாரத்தின் எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நோயாளி தாமே வைத்தியர் கையில் கொடுத்தால், அந்த மூன்று நிமிஷத்தின் முதல் நிமிஷமாவது அவருடையதாகும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதைக் கேட்டு எழுதிக்கொடுப்பது வரிசையில் நிற்கும்போதே ஒரு தாதி செய்யக்கூடிய வேலை.